தேர்தலை விழுங்கிய வாக்கெடுப்பு

1975ஆம் ஆண்டு கொழும்பு தெற்குத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் தன் ஆசனத்தைத் துறந்தார். 1970 மே மாதம் மக்கள் தந்த ஆணை ஐந்து ஆண்டுகளுக்கானது. அது முடிந்த பிறகும், தானே இயற்றிய 1972ஆம் ஆண்டு யாப்பைக் காட்டி அரசாங்கம் 1977 வரை பதவியில் இருக்கப் பார்ப்பது முறையல்ல என்பது அவருடைய வாதம். இடைத்தேர்தல் வந்தது. அவரே மீண்டும் நின்று, பெரும் வித்தியாசத்தில் வென்று திரும்பினார். அந்த உறுப்பினர் ஜே.ஆர். ஜெயவர்தன.

ஏழு ஆண்டுகள் கழிந்து, 1982இல், நாட்டின் நிறைவேற்று ஜனாதிபதியாக இருந்த அதே ஜெயவர்தன பொதுத் தேர்தலை நடத்தாமலே பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டினார். 1975இல் பிரதமராக இருந்த சிறிமாவோ பண்டாரநாயக்க எடுத்துக்கொண்டது இரண்டு ஆண்டு. அதை எதிர்த்துப் பதவி துறந்தவர் எடுத்துக்கொண்டது ஆறு.

வாக்குகளால் ஆட்சிக்கு வந்தவர்கள் சட்டத்தைக் கொண்டே அடுத்த தேர்தலின் வழியை அடைப்பதை இந்த நூற்றாண்டின் நோய் என்று உலகம் பேசுகிறது. ஹங்கேரியையும் துருக்கியையும் வெனிசுவேலாவையும் உதாரணம் காட்டுகிறார்கள். இலங்கைக்கு அது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பழைய நோய். அது எப்படிப் பிடித்தது, யார் யார் கையால் வளர்ந்தது என்பதை ஒழுங்காகச் சொல்லிக்கொள்ளாததால்தான் ஒவ்வொரு முறையும் அதை முதல் முறைபோல எதிர்கொள்கிறோம்.

ராணுவம் வராத நாடு

தெற்காசியாவிலும் அதன் அயலிலும் ஜனநாயகம் ராணுவத்தின் கையால் விழுந்த கதைகளே அதிகம். பர்மாவில் 1962, பங்களாதேஷில் 1975, பாகிஸ்தானில் 1977. இலங்கையில் 1962இல் ஒரு சதிப்புரட்சி முயற்சி நடந்து, தொடங்குமுன்பே அடங்கிப்போனது. 1931 முதல் வயதுவந்த எல்லாருக்கும் வாக்குரிமை இருந்த நாடு இது. 1956, 1960, 1965, 1970, 1977 என்று தேர்தலுக்குத் தேர்தல் ஆட்சி மாறியது. தோற்றவர்கள் முணுமுணுக்காமல் எழுந்து போனார்கள்.

அந்தப் பெருமையில் ஒரு பெரிய ஓட்டை முதலிலிருந்தே இருந்தது. சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. அதைத் தொடர்ந்து அவர்களுடைய வாக்கும் போயிற்று. 1947இல் வாக்களித்து உறுப்பினர்களைத் தெரிவு செய்த மக்கள், அடுத்த தேர்தலில் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. அதற்காகக் கொழும்பு கொந்தளிக்கவில்லை. வாக்குரிமையைச் சட்டத்தால் பறிக்க முடியும், பறித்தாலும் ஒன்றும் ஆகாது என்பதை அன்றைய அரசியல்வாதிகள் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். பின்னால் நடந்தவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த 1948தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

ஆறில் ஐந்து

1977 ஜூலை தேர்தலில் ஜெயவர்தனவின் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் (ஐ.தே.க.) கிடைத்த வாக்கு ஏறத்தாழ 51 சதவீதம். கிடைத்த ஆசனங்கள் 168இல் 140. சிறிமாவோவின் சுதந்திரக் கட்சி எட்டு ஆசனங்களுக்குச் சுருங்கியது. இடதுசாரிகள் ஒருவர்கூட இல்லை. வடக்கு கிழக்கில் 18 ஆசனங்களை வென்ற தமிழர் விடுதலைக் கூட்டணி பிரதான எதிர்க்கட்சியாகி, அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். வாக்காளரில் பாதிப்பேர் எதிர்த்து நின்ற ஒரு கட்சிக்கு, தொகுதிவாரித் தேர்தல் முறை ஆறில் ஐந்து பங்கு ஆசனத்தை அள்ளிக் கொடுத்திருந்தது.

அந்த 140 கைகளை வைத்து 1978இல் புதிய யாப்பு வந்தது. அதன் கீழ் ஜனாதிபதி பாராளுமன்றத்துக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியவர் என்பது ஏட்டளவில் மட்டுமே இருந்தது. பதவியில் இருக்கும்வரை எந்த நீதிமன்றமும் அவரை விசாரிக்க முடியாது. யாப்பு நடைமுறைக்கு வந்த நாளில் உயர் நீதிமன்றத்திலும் மேல் நீதிமன்றத்திலும் இருந்த நீதிபதிகள் எல்லாருடைய பதவியும் முடிவுக்கு வந்தது. திரும்ப நியமிக்கப்பட்டவர்கள் உண்டு. வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களும் உண்டு. யாரையும் விசாரித்துக் குற்றம் காணவில்லை. பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

இந்த யாப்பில் ஒரு நல்ல அம்சமும் இருந்தது. இனிவரும் தேர்தல்கள் விகிதாசார முறையில் நடக்கும். 51 சதவீத வாக்குக்கு 83 சதவீத ஆசனம் என்ற கூத்து இனி இராது. யாப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும் என்றும் எழுதியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விளைவு தெளிவு: அடுத்த பொதுத் தேர்தல் எப்போது நடக்கிறதோ, அன்றோடு ஐ.தே.க.வின் மூன்றில் இரண்டு போய்விடும். 1982இல் நடந்ததற்கு மூலகாரணம் இதுதான். மற்றவையெல்லாம் மேடைக்குச் சொன்னவை.

ஒருவருக்காக ஒரு திருத்தம்

இடைப்பட்ட ஆண்டுகளில் யாப்புத் திருத்தம் அன்றாட நிருவாகக் காரியம் போல ஆயிற்று. முந்தைய ஆட்சியின் முறைகேடுகளை விசாரிக்க விசேட ஜனாதிபதி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. சிறிமாவோ மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. உடனே வந்தது முதலாவது திருத்தம்: அந்த ஆணைக்குழு விடயத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இனி அதிகாரமில்லை. 1979இல் கூட்டணியின் மட்டக்களப்பு உறுப்பினர் செ. இராஜதுரை ஆளும் கட்சிக்கு மாற விரும்பினார். கட்சி மாறினால் ஆசனம் போகும் என்ற விதி குறுக்கே நின்றது. அதற்கு இரண்டாவது திருத்தம். 1982 ஓகஸ்டில், ஜனாதிபதி தனக்கு வசதியான நேரத்தில், பதவிக்காலம் முடியுமுன்பே, மறுதேர்தலுக்குப் போகலாம் என்று மூன்றாவது. 1988இல் ஜெயவர்தன தன் பதவிக்காலத்தின் முடிவுக்கு வரும்போது திருத்தங்களின் எண்ணிக்கை 16.

1980 ஒக்டோபரில் சிறிமாவோவின் குடியியல் உரிமைகள் ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன, பாராளுமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். நாட்டில் ஜெயவர்தனவை எதிர்த்து நிற்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவர் ஆட்சியில் தமிழர்கள் பட்டது கொஞ்சமல்ல. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் 1972 யாப்பும் அவர் காலத்தவை. ஆனாலும் பிரதான போட்டியாளரைத் தேர்தலுக்கு முன்பே பாராளுமன்ற வாக்கால் ஓரங்கட்டியதை நியாயப்படுத்த எந்த வாதமும் இல்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஜூலையில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 40,000 பேர் வேலை இழந்திருந்தார்கள். தொழிற்சங்கங்களின் முதுகெலும்பு அத்தோடு முறிந்தது.

பத்திரிகைகளுக்குப் புதிதாக அதிகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. தினகரனையும் ஒப்சேவரையும் வெளியிட்ட லேக் ஹவுஸ் நிறுவனத்தை 1973இலேயே சிறிமாவோ அரசு சட்டமியற்றித் தன் பிடிக்குள் கொண்டுவந்திருந்தது. எதிர்க்கட்சியில் இருந்தபோது அதைக் கண்டித்த ஐ.தே.க., ஆட்சிக்கு வந்ததும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தானே வைத்துக்கொண்டது.

யாழ்ப்பாணத்துக்கு இந்தப் பாடம் வேறு மொழியில் நடத்தப்பட்டது. 1981 ஜூன் 4இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். அதற்கு முந்தைய நாட்களில் அமைச்சர்கள் நகரில் தங்கியிருக்க, பொலிஸார் வீதியில் இறங்கினார்கள். மே 31 இரவு தொடங்கிய அட்டூழியத்தில் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. அத்தனைக்கும் பிறகு மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். வாக்குப் பெட்டிகள் சில காணாமல் போயின. நூலகத்தை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அந்தப் பெட்டிகளை மறந்துவிட்டோம். அவையும் நினைக்கப்பட வேண்டியவை.

விளக்கா, குடமா?

1982 ஒக்டோபர் 20இல் ஜனாதிபதித் தேர்தல். ஜெயவர்தனவுக்கு 52.9 சதவீதம், சிறிமாவோவின் இடத்தில் நின்ற ஹெக்டர் கொப்பேகடுவவுக்கு 39 சதவீதம். வென்ற கையோடு அவசரகால நிலை பிரகடனமானது. இடதுசாரிகளின் அத்த நாளேட்டு அச்சகத்துக்குச் சீல் வைத்தார்கள். சுதந்திரக் கட்சிக்குள் ஒரு நக்சலைட் கும்பல் இருக்கிறது, ஆட்சியைப் பிடித்துத் தலைவர்களைக் கொல்லச் சதி செய்கிறது என்று அரசாங்கம் அறிவித்தது. நடிகர் விஜய குமாரதுங்க உட்படப் பலர் தடுத்துவைக்கப்பட்டார்கள். அந்தச் சதி எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை.

ஆளும் கட்சி உறுப்பினர்களிடமிருந்து திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை ஜனாதிபதி வாங்கி வைத்துக்கொண்டதும் இந்த நாட்களில்தான். மக்கள் தெரிவு செய்த ஓர் உறுப்பினரின் பதவி இனித் தொகுதி மக்களின் கையில் இல்லை. ஜனாதிபதியின் மேசை இழுப்பறையில் இருந்தது.

பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுக்கு மேல் நீட்டுவதானால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை மட்டும் போதாது, மக்களிடம் சர்வஜன வாக்கெடுப்பும் நடத்த வேண்டும் என்று யாப்பு சொன்னது. எழுதியவர்கள் அதை ஒரு காவலாகவே வைத்திருக்க வேண்டும். நான்காவது திருத்தம் அந்தக் காவலையே வழியாக்கியது. உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் நால்வர் இடங்கொடுத்தார்கள், மூவர் இணங்கவில்லை. ஒரே ஒரு நீதிபதி மறுபக்கம் போயிருந்தால் இந்த நாட்டின் வரலாறு வேறாக இருந்திருக்கலாம் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

டிசம்பர் 22இல் வாக்கெடுப்பு. யானைக்கும் கைக்கும் பழகிய வாக்காளர் முன்னால் வேறு இரண்டு சின்னங்கள். தேர்தல் வேண்டாம், இருக்கிற பாராளுமன்றமே தொடரட்டும் என்பவர்களுக்கு விளக்கு. அந்த நீட்டிப்பு கூடாது என்று மறுப்பவர்களுக்குக் குடம். எந்த வேட்பாளரும் இல்லை. தொகுதியில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற பேச்சே இல்லை. நாடு அவசரகால நிலையில் இருந்தது. எதிர்க்கட்சி முகவர்களை வாக்குச் சாவடிகளிலிருந்து விரட்டினார்கள். குண்டர்கள் வாக்குச் சாவடிகளுக்குள் நடமாடினார்கள். இவை எதிரணியின் குற்றச்சாட்டுகளாக மட்டும் நிற்கவில்லை. அன்றைய தேர்தல் ஆணையாளர் சந்தானந்த டி சில்வா முறைகேடுகளை எழுதி அறிக்கையாகத் தந்தார். அது அச்சில் வந்தது 1987இல். அதற்குள் காரியம் முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

விளக்குக்கு 31 இலட்சத்து 41 ஆயிரம் வாக்குகள், அதாவது 54.7 சதவீதம். குடத்துக்கு 26 இலட்சத்து 6 ஆயிரம். இரண்டே மாதங்களுக்கு முன் ஜெயவர்தனவுக்குத் தனிப்பட விழுந்தவை 34 இலட்சத்து 50 ஆயிரம். அவருக்கு வாக்களித்தவர்களிலேயே பலர் இதற்கு உடன்படவில்லை என்பதை இந்த மூன்று இலட்சக் குறைவு காட்டுகிறது. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்கு வாக்களித்தார்கள். தனிநாடு கேட்கிறார்கள், பாராளுமன்றத்தை மதிக்காதவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்ட மக்கள், நாட்டின் பாராளுமன்றத் தேர்தல் நடந்தே ஆகவேண்டும் என்று இலங்கையிலேயே மிக உரத்துச் சொன்னவர்களாக அன்று இருந்தார்கள். இது தென்னிலங்கை வரலாற்று நூல்களில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டிய செய்தி.

கணக்கைப் பாருங்கள். ஒக்டோபரில் வந்த 52.9 சதவீதத்தை விகிதாசார முறையில் ஆசனமாக மாற்றினால் ஐ.தே.க.வுக்கு வசதியான ஆட்சி கிடைத்திருக்கும். தோற்கும் பயத்தால் தேர்தல் நிறுத்தப்படவில்லை. மூன்றில் இரண்டை இழக்க மனமில்லாமல் நிறுத்தப்பட்டது.

நீதிபதிகளின் வாசலில்

வாக்கெடுப்புக்கு எதிராகப் பவிதி ஹண்ட என்ற மதகுருமார் அமைப்பு அச்சிட்ட 20,000 துண்டுப் பிரசுரங்களைக் கம்பஹாவில் உடுகம்பொல என்ற பொலிஸ் அதிகாரி பறிமுதல் செய்தார். அமைப்பின் செயலாளரான பிக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1983 பெப்ரவரியில் தீர்ப்பு: அடிப்படை உரிமை மீறப்பட்டது, நட்டஈடு 10,000 ரூபா. அமைச்சரவை என்ன செய்தது? அதிகாரிக்குப் பதவி உயர்வு கொடுத்தது. நட்டஈட்டை அரசே கட்டியது.

அடுத்தது விவியன் குணவர்தன. சமசமாஜக் கட்சியின் மூத்த தலைவி. மார்ச் 8 மகளிர் தின ஊர்வலத்தின்போது பொலிஸ் நிலையத்தில் தாக்கப்பட்டார். ஜூனில் நீதிமன்றம் பொலிஸாரைக் கண்டித்தது. சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு மீண்டும் பதவி உயர்வு. இம்முறை இன்னொன்றும் நடந்தது: தீர்ப்பு வந்த சில நாட்களில் கும்பல்கள் நீதிபதிகளின் வீட்டு வாசல்களுக்கே போய்க் கூச்சலிட்டன. உதவிக்குப் பொலிஸ் வரவில்லை. பின்னர் இலங்கைக்கு வந்த சர்வதேச சட்ட வல்லுநர் ஆணைக்குழுவின் பிரதிநிதி போல் சீகார்ட்டிடம், பொலிஸாரின் மன உறுதியைக் காக்கவே அந்தப் பதவி உயர்வுகளைத் தாம் கட்டளையிட்டதாக ஜெயவர்தன ஒளிவுமறைவின்றிச் சொன்னார்.

நீதிபதி வீட்டு வாசலில் நின்று கத்துகிறவனை அரசு தடுக்காது என்பது ஜூனில் தெரிந்துவிட்டது. ஜூலையில் தமிழர் வீட்டு வாசல்களுக்குக் கும்பல்கள் போயின. இரண்டையும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை. கறுப்பு ஜூலைக்கு இனவெறி காரணம், அதில் ஐயமில்லை. அந்த வெறி தண்டனைக்கு அஞ்சாமல் பகலில் நடமாடியதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளின் ஆட்சிமுறை காரணம். வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் இரண்டு நாட்களில் கொல்லப்பட்டார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை.

ஓகஸ்டில் ஆறாவது திருத்தம். பிரிவினையை ஆதரிப்பதில்லை என்று சத்தியம் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர் சென்னையில் அகதி. ஏற்கெனவே காலம் கடந்த பாராளுமன்றத்தில் இப்போது வடக்கின் குரலும் இல்லை. தேர்தலும் பேச்சுவார்த்தையும் பயன் தரும் என்று சொல்லிக்கொண்டிருந்த தமிழ்த் தலைவர்களிடம் இளைஞர்களுக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை.

தெற்கிலும் அதே. 1977 ஜூலையில் 17 வயதாக இருந்து வாக்குரிமையைத் தவறவிட்ட ஒருவர், தன் முதல் பாராளுமன்றத் தேர்தலைக் கண்டது 1989 பெப்ரவரியில், 28 வயது கடந்த பிறகு. ஜே.வி.பி. 1983இல் தடை செய்யப்பட்டுத் தலைமறைவானது. 1987 முதல் 1989 வரை நடந்த கிளர்ச்சியிலும் அதை நசுக்கிய அரச பயங்கரத்திலும் செத்துப்போன பல்லாயிரம் இளைஞர்களில் பெரும்பாலானோர் அந்தத் தலைமுறையினர். கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல உண்டு. வாக்களித்து ஆட்சியை மாற்ற வழியே இல்லாமல் ஒரு தலைமுறை வளர்ந்ததும் அவற்றில் ஒன்று.

கைமாறிய அதிகாரம்

நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பேன் என்று 1994இல் சந்திரிகா வாக்குக் கொடுத்தார். 2005இல் மஹிந்த ராஜபக்ஷ கொடுத்தார். 2015இல் மைத்திரிபால சிறிசேன கொடுத்தார். வந்தவர் எவரும் ஒழிக்கவில்லை. எதிரியின் கையில் இருக்கும்போது கொடியதாகத் தெரிந்த அதிகாரம் தன் கைக்கு வந்ததும் தேவையானதாகத் தெரிந்தது.

மஹிந்த அதைக் கூட்டவே செய்தார். 2010 செப்டெம்பரில் 18ஆவது திருத்தம், 161க்கு 17 என்ற வாக்கில், இரண்டு தவணை வரம்பை நீக்கியது. அது அவசர சட்டமூலமாகக் கொண்டுவரப்பட்டது; உயர் நீதிமன்றம் சில நாட்களுக்குள் கருத்துச் சொல்லியாக வேண்டும், பொதுமக்களுக்கு வாதாட நேரமே இல்லை. இடமளித்த ஐந்து நீதிபதிகள் குழாமுக்குத் தலைமை தாங்கியவர் ஷிராணி பண்டாரநாயக்க. பின்னர் அவர் பிரதம நீதியரசரானார். 2013 ஜனவரியில், அரசுக்குப் பிடிக்காத தீர்ப்புகளுக்குப் பிறகு, அதே பாராளுமன்றம் அவரைப் பதவியிலிருந்து அகற்றியது.

மறுபக்கமும் உண்டு. 2018 ஒக்டோபரில் மைத்திரிபால பிரதமரை நீக்கினார். பிறகு பாராளுமன்றத்தையே கலைத்தார். டிசம்பர் 13இல் ஏழு நீதிபதிகளும் ஒருமித்துக் கலைப்புச் செல்லாது என்றார்கள். 1982இல் நான்குக்கு மூன்றாகத் தடுமாறிய அதே நீதிமன்றம். இடையில் 19ஆவது திருத்தம் வந்து ஜனாதிபதியின் கையைக் கட்டியிருந்தது அதற்கு உதவியது. ஆகவே திருத்தங்களால் கெட்டதைத் திருத்தங்களால் சீர்செய்யவும் முடியும்; அதற்குப் பெரும்பான்மையும் விருப்பமும் ஒரே நேரத்தில் வாய்க்க வேண்டும்.

1977 பாராளுமன்றத்துக்கு 28 வயதில் புதிதாக வந்தவர், ஜெயவர்தனவின் உறவினர் ரணில் விக்கிரமசிங்க. 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், அவர் ஜனாதிபதியாகவும் நிதி அமைச்சராகவும் இருந்தபோது, திறைசேரியில் பணமில்லை என்ற காரணத்தால் நின்றுபோனது. யாப்புத் திருத்தமும் வேண்டியிருக்கவில்லை, வாக்கெடுப்பும் வேண்டியிருக்கவில்லை. காசை விடுவிக்காமல் இருந்தாலே போதும். 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை அடிப்படை உரிமை மீறல் என்றது. தேர்தல் நடந்தது 2025 மே மாதத்தில்.

மாகாண சபைகளுக்கு அந்த நீதியும் கிடைக்கவில்லை. அவற்றை உருவாக்கிய 13ஆவது திருத்தத்தை 1987 நவம்பரில் நிறைவேற்றியது அதே ஆயுள் நீட்டப்பட்ட, கூட்டணி இல்லாத பாராளுமன்றம்தான்; தமிழர்களுக்கான தீர்வு என்று சொல்லப்பட்டது, வடக்கின் தெரிவு செய்யப்பட்ட பிரதிநிதிகள் இல்லாத சபையில் சட்டமானது. அந்தக் குறையோடு பிறந்த சபைகளையாவது இயங்கவிட்டார்களா? 2017இல் தேர்தல் முறையை மாற்றி, எல்லை நிர்ணயம் முடிந்த பிறகே தேர்தல் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். 2018 ஓகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தபோது 139 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். ஆதரவாக ஒருவரும் இல்லை, சமர்ப்பித்த அமைச்சர்கூட. மீளாய்வுக் குழு ஒன்று அமைந்தது. அதன் அறிக்கை வரவில்லை. 2017 முதல் 2019 வரை ஒன்பது மாகாண சபைகளின் காலமும் ஒவ்வொன்றாக முடிந்தது. ஜனாதிபதி நியமித்த ஆளுநர்களே ஆண்டுக்கணக்காக மாகாணங்களை நடத்திவந்தார்கள்.

வட மாகாணம் தன் சபையை முதலும் கடைசியுமாகத் தெரிவு செய்தது 2013 செப்டெம்பரில். பழைய விகிதாசார முறைக்குத் திரும்பித் தேர்தல் வைக்கப் புதிய யாப்பு வேண்டாம், மூன்றில் இரண்டும் வேண்டாம். எளிய பெரும்பான்மையில் ஒரு சிறு சட்டம் போதும். கொழும்பில் எந்தக் கட்சி இருந்தாலும், தமிழ்க் கட்சிகளும் தென்னிலங்கையில் ஜனநாயகம் பேசுகிறவர்களும் முதல் கேள்வியாக அதன் திகதியைத்தான் கேட்க வேண்டும்.